யாருடைய பிள்ளை?



2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையை அழித்துச் சென்றபின், கல்முனையில் உயிருடன் மீட்கப்பட்ட கைக்குழந்தை ஒன்று வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டது. அன்று அனுமதிக்கப்பட்டோரில் 81ஆவது என்பதால் '81ஆம் இலக்கக் குழந்தை' என்பதே அதன் பெயராயிற்று. அது தம் பிள்ளையென ஒரு தம்பதியர் உரிமை கோரினர். கல்முனை நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரியில் பெறுபேறு கிடைத்தது. பிள்ளை பெற்றவளின் மடிக்குத் திரும்பியது.

இரு தாய்மாரின் வழக்கில் சாலமோன் மன்னர் தாயன்பைச் சோதித்தார். இன்று விஞ்ஞானம் உயிரணுவைச் சோதிக்கிறது. மரபணுத் தொகுதி நான்கே எழுத்துகளில் எழுதப்பட்ட, ஏறத்தாழ 300 கோடி எழுத்து கொண்ட நூல். அதன் ஒரு பிரதி தாய் தந்தது, இன்னொரு பிரதி தந்தை தந்தது. ஆகவே, குறிப்பிட்ட சில இடங்களை ஒப்பிட்டாலே உறவு தெரிந்துவிடும். சிதைந்த எலும்பிலும் பல்லிலும் எஞ்சிய சிறு துண்டுகளைக்கூட வாசிக்கும் கருவிகள் இன்று உள்ளன.

இங்கேதான் நம் மனச்சாட்சி விழிக்க வேண்டும். 1990இல் வீரமுனைப் பிள்ளையார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்தோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டில் குருக்கள்மடத்தில் முஸ்லிம் பயணிகள் கடத்திக் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதோர் இரு சமூகத்திலும் உண்டு. உயிரோடிருந்த குழந்தைக்கு ஏழு வாரங்களில் விடை கிடைத்தது. மண்ணுக்குள் இருப்போர் யாருடைய பிள்ளைகள்?

"பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்?" என்று சிலர் கேட்பர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், களைத்தவர்கள். ஆனால் புண் யாருடையதோ, ஆறிற்றா என்று சொல்லும் உரிமையும் அவருடையதே. மகன் உயிரோடிருக்கிறானா என்றறியாத தாய்க்குத் திவசம் செய்யவும் வழியில்லை, நம்பிக்கையை விடவும் மனமில்லை. அறிய வழியிருந்தும் அவளை அப்படியே விடுவது சமாதானம் ஆகாது.

எலும்பு யாருடையது என்று மரபணு சொல்லும்; கொன்றவர் யார் என்று சொல்லாது. அது நீதிமன்றத்தின் வேலை. அதற்குச் சாட்சி சொல்வது நம் வேலை.

இன்னொன்று: எலும்பு காத்திருக்கும், தாய் காத்திருக்க மாட்டாள். ஒப்பிடுவதற்கு மிக நெருங்கிய இரத்தம் அவளுடையது. அவள் இறந்தபின் அவ்வழி கடினமாகிறது. ஆகவே, இந்த முதிய தாய்மாரின் மாதிரியை எடுத்துப் பாதுகாப்பது நாளைய வேலை அன்று. தமிழ்த் தாய்க்கும் முஸ்லிம் தாய்க்கும் சேர்த்தே அதைக் கேட்போமா?