பத்துக்குள் ஒரு வரிசை

தமக்குப் பிடித்த திரைப்படங்களை வரிசைப்படுத்த முனைபவர், படங்களின் தரத்தை அளப்பதாக எண்ணிக்கொண்டு பெரும்பாலும் தம் நினைவையே அளக்கிறார். பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ், 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை, திறனாய்வாளர்களிடம் ஆளுக்குப் பத்துப் படங்களைக் கேட்டுப் பெற்று ஒரு பட்டியலை வெளியிட்டு வருகிறது. அப்பத்துக்குள் முதலாவது, பத்தாவது என்ற வேறுபாடு இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் ஒரே வாக்குதான் என்பதால், சிலர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் படத்தைவிட, பலர் கடைசி இடத்தை நிரப்பச் சேர்த்த படம் முந்திவிடக்கூடும். 1952இல் முதல் பத்துக்குள்ளேயே வராத ‘சிட்டிசன் கேன்’, 1962 தொடங்கி 2002 வரை ஐந்து முறை முதலிடத்தில் நின்றது. 2012இல் 191 வாக்குகள் பெற்ற ‘வெர்டிகோ’ 157 வாக்குகளோடு நின்ற அதனைக் கீழிறக்கியது. 2022இல் ஷாந்தால் அகெர்மான் 1975இல் இயக்கிய ‘ஜான் டீல்மன்’ முதலிடம் பெற்றது. சமையலறை மேசையருகே ஒரு பெண் உருளைக்கிழங்குத் தோல் சீவுவதை, அசையாத கேமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் அது. பார்ப்பவருக்கும் அதே பொறுமை வேண்டும். இடைப்பட்ட ஆண்டுகளில் மாறியது படமன்று, வாக்களித்தோர் கூட்டம். அது ஏறத்தாழ இருமடங்காகப் பெருகியிருந்தது. தனியொருவர் நோட்டில் எழுதும் பட்டியலிலோ வாக்காளர் ஒருவரே. ஆயினும் பள்ளிப் பருவத்தில் பார்த்த படத்துக்கும் பின்னாளில் மதிக்கக் கற்றுக்கொண்ட படத்துக்கும் இடையே, ஏழாம் எண்ணைத் தாண்டியதும் பேனா தயங்கத்தான் செய்கிறது.