கிளினிக் இல்லாத நாளின் சீனி

தோட்டத்தில் பூனைக்கு வருத்தம் வந்தால் அது தேயிலைக்குள் இறங்கிப் போய்விடும். யாரும் தேடிப் போவதில்லை. பூனை தன் சாவைக் காட்டாது என்பார்கள் பெரியவர்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். நமுனுகுலைப் பக்கத்து லயமொன்றில் வளர்ந்த எனக்கு, பூனைக்கும் சீனி வருத்தம் வரும், அதற்கும் வைத்தியம் உண்டு என்பது பொடியனால்தான் தெரியவந்தது. பொடியன் எங்கள் வீட்டுக் கடுவன். தண்ணீர்ச் சட்டியே கதி என்று கிடந்தான். நன்றாகத் தின்றும் முதுகெலும்பு தெரிந்தது. பின்னங்கால் குதி தரையில் படப் பதிந்து பதிந்து நடந்தான். கோடிப்புறத்துச் சாம்பல் குவியலில் அவன் மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை அம்மாதான் கண்டார். "எனக்கு வந்த சீனிதான்டா இதுக்கும் வந்திருக்கு" என்றார். இரத்தம் பார்த்துவிட்டு மிருக வைத்தியரும் அதையே சொன்னார்.

பூனைக்கு வருவது பெரும்பாலும் நம்மில் வயது வந்தவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றது. உடம்பு கொழுத்து இன்சுலினுக்கு மசியாமல் போகிறது. கணையத்தில் அமிலாய்ட் படிகிறது. ஏறிய சீனியே இன்சுலின் சுரக்கும் கலங்களை மேலும் முடக்குகிறது. முடங்கிய கலங்கள் எல்லாம் செத்தவை அல்ல. சீனியைச் சீக்கிரம் இறக்கி, இறக்கிய இடத்திலேயே வைத்திருந்தால் அவற்றில் பல வேலைக்குத் திரும்பலாம். ஊசியை நிறுத்தி நாலு வாரமாவது சீனி ஏறாமல் நின்றால் நோய் தணிந்தது என்பார்கள். கிர்ஸ்டன் ரூம்ப், ஜாக்கி ராண்ட் இருவரும் 2009-ல் 55 பூனைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வளர்த்தவர்களே வீட்டில் இரத்தம் பார்த்து, க்ளார்ஜின் இன்சுலினைக் கூட்டியும் குறைத்தும் வந்த பூனைகள் அவை. நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் 84 சதவீதம் ஊசியிலிருந்து விடுபட்டன. பிந்தி வந்தவற்றில் 35 சதவீதம்தான். மருந்தும் முறையும் ஒன்றே. பிந்தியதற்கு விலை அவ்வளவு.

வீட்டில் பார்ப்பது கடினமில்லை. வெந்நீரில் பிழிந்த துணியால் காதைச் சற்றுச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பின்னால் டோர்ச் பிடித்தால் விளிம்பை ஒட்டி ஓடும் நரம்பு தெரியும். அதற்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு குத்து. கடுகளவு இரத்தம் ஊறும். ஸ்ட்ரிப்பின் நுனியைக் கொண்டுபோனாலே உறிஞ்சிக்கொள்ளும். பஞ்சால் ஓர் அழுத்து, பிறகு அவித்த கோழி ஈரல் ஒரு துண்டு. ஈரலுக்காகவே, மீட்டர் பையின் சிப் திறக்கும் சத்தம் கேட்டால் பொடியன் ஓடிவருவான். மனிதருக்கான மீட்டர் பூனையின் சீனியைக் கொஞ்சம் குறைத்தே காட்டும் என்பதை மனதில் வைத்து எண்ணைப் படிக்க வேண்டும். பூனைக்குப் போடும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலீட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு செறிவில் வருகிறது. 40-க்கு உரிய சிரிஞ்சில் 100-ஐ எடுத்தால் அளவு இரண்டரை மடங்காகிவிடும். சீனி அளவுக்கு மீறி இறங்கினால் பூனை தள்ளாடும், வலிப்பு வரும். ஈறில் தேனோ சீனிப் பாணியோ தடவிக்கொண்டு வைத்தியரிடம் ஓட வேண்டும். ஏறிய சீனியைவிட இறங்கிய சீனிக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

வீட்டில் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூனையின் உடம்பில் பயமும் சீனியாக ஏறும். அட்டைப்பெட்டிக்குள் நுவரெலியா வளைவுகளில் ஆடியபடி பேராதனை மிருக வைத்திய பீடம் வரை போய், நாய்கள் குரைக்கும் வரிசையில் காத்திருந்த பூனைக்கு, நோயே இல்லாவிட்டாலும் 300-ஐத் தாண்டலாம். சாதாரணமாக இருக்க வேண்டியது 80-க்கும் 120-க்கும் கிட்டத்தட்ட. அதனால்தான் முந்திய இரண்டு மூன்று வாரச் சராசரியைச் சொல்லும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையையும் வைத்தியர்கள் பார்க்கிறார்கள்.

அம்மாவின் சீனி இதற்கு நேர்மாறு. கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பே கோதம்ப ரொட்டி பாதியாகும். தேத்தண்ணிக்குச் சீனி போகாது. விடியப் பதுளை பஸ் ஏறி, கொப்பியில் நல்ல எண்ணோடு திரும்பி வருவார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி வரும்போதுதான் உண்மை வெளிப்படும். லயத்தில் அநேகம் பேர் இப்படித்தான். இதை நான் களவு என்று நினைத்ததில்லை. ஆயுசு முழுக்கக் கொழுந்துத் தராசின் முன்னால் நின்றவர்கள் இவர்கள். கிலோ சரியாக இருந்தால் முழுநாள் சம்பளமான பேர், குறைந்தால் பாதிச் சம்பளமான அரைப்பேர். எண் என்றாலே இன்னொருவர் முன்னால் தேற வேண்டிய ஒன்று என்று உடம்பு பழகிவிட்டது.

பொடியனின் எண்ணுக்கு அந்தப் பாரம் இல்லை. 380 காட்டியபோது அவனை யாரும் ஏசவில்லை. ஏசினால் விளங்கவும் போவதில்லை. என்ன தின்றான், எப்போது ஊசி போட்டோம் என்று எழுதிவைத்து, வைத்தியர் சொன்னபடி அளவை மாற்றி, மறுபடி பார்த்தோம். மனிதருக்கும் இப்படிப் பார்க்க முடியுமே என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். வருத்தக்காரரை ஏசுகிற வீட்டில் மீட்டர் இருந்தும் பயனில்லை.

"மனுசருக்கே வழியில்லாத எடத்துல பூனைக்கு இன்சுலினா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஸ்ட்ரிப் விலைக்குப் பயந்து வீட்டில் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார்கள். ஆனாலும் கணக்கு அங்கே முடியவில்லை. 1889-ல் மின்கோவ்ஸ்கியும் ஃபொன் மேரிங்கும் நாயின் கணையத்தை எடுத்துப் பார்த்துத்தான், இந்த வருத்தம் எங்கிருந்து வருகிறது என்று உலகம் அறிந்தது. 1921-ல் டொரோண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றை முதலில் ஏற்றியது நாய்களுக்கு. அதன்பிறகு பல பத்தாண்டுகள் மனிதருக்குப் போட்ட இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுத்தது. மிருகங்களுக்கு நாம் பட்ட கடன் அது. ஒரு பூனைக்கு அரை யூனிட்டாகத் திருப்பிக் கொடுப்பதில் யாருடைய பங்கும் குறைவதாக எனக்குத் தோன்றவில்லை. மீட்டர் இப்போது இஸ்தோப்பில் இருக்கிறது. ஆளுக்கொரு புது ஊசி, புது ஸ்ட்ரிப். அந்த அக்காவும் வந்து பார்த்துக்கொள்கிறார்.

சோறும் ரொட்டியும் நின்று மீனும் முட்டையும் ஈரலும் பொடியனின் சட்டிக்கு வந்தன. பூனை மாமிசப் பிராணி, அதற்கு மாவுச்சத்து தேவையே இல்லை. அம்மாவின் தட்டு அப்படி மாறுவதாயில்லை. தோட்டம் அரிசியும் கோதுமை மாவும் கொடுத்துச் சம்பளத்தில் வெட்டிய காலத்திலிருந்து வந்த தட்டு அது. மனிதரிலும் நோய் தணிவது உண்டு. பிரித்தானியாவில் ராய் டெய்லரும் மைக் லீனும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், சில மாதங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் எடையைக் குறைத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு, ஒரு வருட முடிவில் மருந்தில்லாமலே சீனி இறங்கி நின்றது. நோய் கண்டு ஆறு வருடத்துக்கு உட்பட்டவர்கள் அவர்கள். அம்மாவுக்குக் கண்டதே பிந்தி. அதை நினைக்கும்போது எனக்கு ஆறுவதில்லை.

பொடியனுக்கு அளவு குறைந்து குறைந்து, ஊசி நின்றே போனது. குதி மறுபடி உயர்ந்தது, மதிலில் ஏறினான். "அதான் சொகமாயிருச்சே, இன்னும் ஏன்டா குத்துற?" என்றார் அம்மா. தணிந்த நோய் பல பூனைகளுக்குத் திரும்பும். உடம்பு பெருத்தாலோ, ஸ்டீரொயிட் மருந்து ஏற்றினாலோ, பல்லில் சீழ் பிடித்தாலோ திரும்பும். இரண்டாம் தரம் தணிவது இன்னும் அரிது. அதனால் பார்க்காமல் விட முடியாது. ஆனால் தினமும் குத்தினால் என் பயத்துக்காக அவன் காதைப் புண்ணாக்குவதாகிவிடும். அம்மா சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு ஒரு குத்து; மற்ற நாட்களில் தண்ணீர்ச் சட்டி எவ்வளவு குறைகிறது, மதிலில் ஒரே தாவில் ஏறுகிறானா என்று பார்ப்பதோடு சரி.

அம்மா இப்போது கிளினிக் இல்லாத நாட்களிலும் விரலை நீட்டுகிறார். போன வாரம் 212. "நேத்து கோயில்ல பொங்கல்" என்று தானே சொல்லி, பொடியனின் கொப்பியில் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னார். அதை டொக்டரிடம் காட்டலாமா என்று கேட்டார். காட்டுங்கம்மா என்றேன். கொண்டுபோய்க் காட்டினார், அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் டொக்டர் இந்த முறை மாத்திரையை மாற்றியிருக்கிறார்.