சித்தப்பா காட்டில் மழை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குப் போன் போட்டேன். கையெல்லாம் தோசை மாவு, அதனால் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். சித்திதான் எடுத்தார். சித்தப்பாவைக் கேட்டதற்கு, "காட்டுக்குப் போயிருக்காகப்பா, மத்தியானம் கஞ்சிக்குத்தான் வருவாக" என்றார். பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்த என் எட்டு வயது மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தனியாவா?"

சிரித்துவிட்டேன். தோசையைத் திருப்பும்போதுதான் உறைத்தது. மதுரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் காடு என்றால் டிவியில் வரும் காடு: இருட்டு, கொடி, புலி. அதற்குள் சின்னத் தாத்தா தூக்குவாளியோடு தன்னந்தனியாக நடந்து போகிறார்.

எங்கள் ஊர் கல்லுப்பட்டிக்குப் பக்கம். திருமங்கலம் தாண்டித் தெற்கே போகப் போக மண் கறுக்கும். அந்தக் கரிசலில் காடு என்றால் மானாவாரி நிலம்; பருத்தி விதைத்தால் பருத்திக்காடு, சோளம் விதைத்தால் சோளக்காடு. வயல் என்ற சொல் தண்ணீர் பாயும் பூமிக்காரர்களுடையது. சோழவந்தான்காரர் வயலுக்குப் போவார். மேலூர்க்காரரும் போவார், ஆனால் அவருக்கு அந்தப் பேறு 1895இல் பெரியாறு அணை திறந்து, மேற்கே போய்க்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் வந்த பிறகு வாய்த்தது. எங்களுக்கு வானம்தான் வாய்க்கால். "காடு கழனி" என்பதை வெறும் மோனைக்குச் சொல்வதாக நினைத்திருந்தேன். இல்லை, புஞ்சையும் நஞ்சையும் சேர்ந்த முழுக்கணக்கு அது.

"அவன் காட்டுல மழைடா" என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, லாட்டரி அடித்தவனையும் பதவி உயர்வு வாங்கியவனையும். புலி வாழும் காட்டில் மழை பெய்தால் இவனுக்கென்ன வந்தது? பக்கத்துக் காட்டைத் தாண்டிப் போன மேகம் தன் காட்டின் மேல் நின்று கொட்டுவதைப் பார்த்தவனோ, பார்க்கக் கொடுத்து வைக்காதவனோதான் அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் வயிற்றெரிச்சலும் அதில் இருக்கிறது.

அப்பத்தா காட்டுக்குப் புறப்படுவதைப் பார்த்திருக்கிறேன். சும்மாட்டின் மேல் கம்மங்கஞ்சி, இடுப்பில் சுருக்குப்பை. பருத்தி எடுக்கும் நாளில் சேலையைத் தூக்கி மடியாகக் கட்டிக்கொள்வார். காய்ந்த சுளையின் முனை விரல் நுனியைக் கிழிக்கும். ராத்திரி அதில் விளக்கெண்ணெய் தடவுவார். மடி நிறைய நிறைய நடை மாறும், நிறைமாதக்காரி மாதிரி. மழை பெய்துவிட்டால் கரிசல் காலை விடாது, அடிக்கு அடி ஒட்டி ஒரு செருப்பு கனத்துக்கு வந்துவிடும். வாசலில் உட்கார்ந்து கருவேலங்குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு, "காட்டைப் பாதி வீட்டுக்குக் கொண்டாந்துட்டேன்" என்பார். அவருக்குக் காட்டின் எதிர்ச்சொல் நகரமல்ல, வீடு.

அதே சொல்லைச் சொல்லித்தான் விடியலில் செம்போடு ஒதுங்கவும் போனார்கள். "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் எதற்கென்று யாரும் கேட்கமாட்டார்கள். கடைசியில் சுடுகாடு. காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது என்ற கிழவர்களின் பேச்சில் வருவது அந்தக் காடு. (மதுரைக்குள் வந்துவிட்டால் அதற்குத் தத்தனேரி என்று பெயர்.) பிழைப்பும் இயற்கை உபாதையும் சாவும் ஒரே சொல்லில் தங்கியிருந்தன, நெருக்கடி இல்லாமல்.

மகள் சொல்லும் 'ஜங்கிள்' வந்த வழி இன்னும் வேடிக்கை. சமஸ்கிருதத்தில் ஜாங்கலம் என்பது வறண்ட, மரம் குறைந்த, மான் மேயும் திறந்த வெளி. ஆயுர்வேதம் அதை உடம்புக்கு ஒத்த பூமி என்று மெச்சுகிறது. சதுப்பும் ஈரமுமான இடத்துக்கு அனூபம் என்று வேறு பெயர். அந்த ஜாங்கலம் இந்தியில் ஜங்கல் ஆகி, 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறி, போன இடத்தில் ஈரம் பிடித்து, கொடி சுற்றி, இருண்டு திரும்பி வந்திருக்கிறது. பழைய பொருளில் பார்த்தால் எங்கள் கல்லுப்பட்டிதான் அசல் ஜங்கிள். 'காங்கிரீட் காடு' என்று மேடையில் முழங்குபவர்கள்மேல் எனக்குள்ள எரிச்சலுக்கும் இதுவே காரணம். அது கடன் வாங்கிய வசவு. மதுரையே கடம்பவனத்தை வெட்டித் திருத்திக் கட்டியதாகத்தான் திருவிளையாடற் புராணம் சொல்கிறது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு காட்டை ஏன் வைய வேண்டும்?

கூடலூரில் மரம் வெட்டியதை எதிர்த்துக் கோதவர்மன் திருமுல்பாட் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி, அகராதிப் பொருளில் எது காடோ அது காடு என்று. எத்தனையோ மலைச்சரிவுகளைக் காப்பாற்றிய உத்தரவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அகராதியைத் தமிழில் புரட்டியிருந்தால் சித்தப்பாவின் மூன்று ஏக்கர் பருத்தியும் உள்ளே வந்திருக்கும்.

மத்தியானம் சித்தப்பாவே கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, "ஒங்கப்பா பங்கு காடு காடாக் கிடக்குப்பா" என்றார். ஒரே வாக்கியத்தில் இரண்டு காடு. முதலாவது நிலம், இரண்டாவது குற்றச்சாட்டு. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் உழவுமில்லை, குத்தகைக்கு விடவுமில்லை. பட்டாவை மட்டும் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா பங்கில் பருத்தி முழங்கால் உயரம் நின்றது, வரிசை பிடித்து. வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் பங்கில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக் கிடந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. எங்கோ ஒரு மயில் அகவியது. மகள் கையால் முள்ளை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"சின்னத் தாத்தா, இதுதான் காடா?"

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "முன்ன காடா இருந்துச்சு தாயி" என்றார்.