அரைக்கட்டை இறக்கம்

மாலை நேரத்தில் இராயப்பன்பட்டியின் திராட்சைத் தோட்டங்கள் வழியே நடப்பவர்கள் பந்தல் கம்பிகளைக் கவனித்திருப்பார்கள். கம்பி தொய்ந்தால் கொடி தரையைத் தொடும். அளவுக்கு மீறி இழுத்துக் கட்டினால் ஒருநாள் அறுந்துபோகும். கொடியின் பாரமறிந்து கம்பியை இழுப்பதே விவசாயியின் திறமை. இதே இழுவைக் கணக்கு ஒரு கித்தாரிலும் இருக்கிறது என்பதை நான் மிகத் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவன் என்னைவிட முப்பது வயது இளையவன்.

கித்தார் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக்கு அந்நியமான கருவியன்று. இதே உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் கித்தார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். ஆகவே, பாடற்குழுவிற்குக் கித்தாருடன் ஓர் இளைஞன் வந்து சேர்ந்தபோது மகிழ்ந்து வரவேற்றேன். குழுவை நடத்தும் பொறுப்பு அப்போது என்னிடம் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலைப் பயிற்சியின்போது, அவன் ஆறு கம்பிகளின் திருகாணிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தான். ஏனென்று கேட்டேன்.

"பின்னால உட்கார்ற பெரியவங்களுக்கு மேல் சுரம் எட்டல சார். அரைக்கட்டை இறக்கிப் பார்ப்போமா?"

"பாட்டு மங்கிப் போகும் தம்பி. எட்டாதவங்க கேட்டுக்கிட்டு இருக்கட்டும்" என்றேன்.

அவன் மறுமொழி கூறவில்லை. கம்பிகளைப் பழையபடி ஏற்றிவிட்டான். பின்வரிசைப் பெரியவர்களில் ஒருவர், சிறுவனாயிருந்த எனக்கு முதன்முதலில் பாடக் கற்றுக்கொடுத்தவர். சில காலமாகவே அவர் பாடற்புத்தகத்தை விரித்து, பக்கத்தைச் சரியாகப் புரட்டி, வாயை மூடிக்கொண்டு நின்றார். நான் அதைப் பார்க்காமலில்லை. முதுமை என்று எண்ணிக் கடந்துபோனேன். மறு ஆண்டு அவர் இறந்தார். அவரது அடக்கத் திருப்பலியன்று அந்த இளைஞன் என்னைக் கேட்காமலேயே சுருதியை இறக்கி வைத்திருந்தான். பாடல் தொடங்கியதும், பல ஆண்டுகளாக நான் கேட்டறியாத குரல்கள் பின்வரிசையிலிருந்து எழுந்தன. பாடல் மங்கவில்லை. அந்தக் குரல்களோடு சேர்ந்து ஒலித்திருக்க வேண்டிய ஒரு குரல் மட்டும் இல்லை.

அன்றிலிருந்து என்னை விட்டகலாத கேள்வி இதுதான்: எட்டாதவர்களுக்காக அளவைத் தாழ்த்துவது அன்பா, தரத்தை விட்டுக்கொடுக்கும் பலவீனமா? இரண்டும் ஒன்றுபோல் தோற்றமளிக்கின்றன. வேறுபாட்டை எங்கே காண்பது?

முதலில், எந்த அளவை நான் காத்து நின்றேன் என்று பார்க்க வேண்டும். இன்று உலகெங்கும் கருவிகளுக்குச் சுருதி சேர்க்க அடிப்படையாகக் கொள்ளும் சுரம் நொடிக்கு 440 அதிர்வுகள் உடையது. இது இயற்கை விதித்த எண்ணன்று. 1939-இல் இலண்டனில் கூடிய மாநாடு ஒன்று பரிந்துரைத்தது. 1955-இல் பன்னாட்டுத் தர நிறுவனம் ஏற்றது. இசைமேதை ஹாண்டெலுடையது எனப்படும் 1751-ஆம் ஆண்டுச் சுருதிக் கவை அதே சுரத்தை ஏறத்தாழ 422 அதிர்வுகளில் ஒலிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஒலி மேன்மேலும் பளிச்சிட வேண்டுமென்ற ஆசையால் ஐரோப்பிய இசைக்குழுக்கள் சுருதியை ஏற்றிக்கொண்டே போயின. கருவிகள் தாங்கின, மனிதத் தொண்டைகள் தாங்கவில்லை. 1859-இல் பிரெஞ்சு அரசு தலையிட்டு 435 என்று சட்டம் செய்தது. 1884-இல் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 432 போதுமென்று வாதிட்டார். பாடுகிறவர்களின் குரலுக்காகச் சட்டமே இறங்கி வந்த வரலாறு இது.

அந்த இளைஞன் அரைக்கட்டை இறக்கினால் 440 என்பது ஏறத்தாழ 415 ஆகும். பாஹ் காலத்து இசையைப் பழைய முறையில் வாசிக்கும் இன்றைய குழுக்கள் பெரும்பாலும் கைக்கொள்வதும் இதே 415-தான். நான் மங்கல் என்று ஒதுக்கிய சுருதியில் உலகின் உயர்ந்த இசை இன்றும் அரங்கேறிக்கொண்டிருக்கிறது.

நம் தமிழிசையோ இதில் இன்னும் தெளிவானது. ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை என்று பாடகர் தம் குரலுக்கு ஏற்ற ஆதார சுருதியைத் தேர்ந்துகொள்கிறார். தம்புராவும் வயலினும் மிருதங்கமும் அவரிடம் வந்து சேர்கின்றன. கருவிக்காகக் குரல் இல்லை, குரலுக்காகவே கருவி. மெலிவு, சமன், வலிவு என்று மூவகைத் தானங்களை வகுத்த நம் முன்னோர், மெலிவை இசைக்குப் புறம்பாகத் தள்ளவில்லை. அதையும் இசையின் மூன்றிலொரு பங்காகவே வைத்தனர்.

ஆனால் இவ்வளவில் கேள்வி தீர்ந்துவிடவில்லை. எதையும் யாருக்காகவும் தாழ்த்தலாமென்றால், பொய்யும் சோம்பலும் அன்பின் பெயரால் உள்ளே நுழைந்துவிடும். இங்கும் கித்தாரே எனக்கு ஆசிரியர்.

சுருதியை இறக்குகிறவன் ஒரு கம்பியை மட்டும் தளர்த்திவிட்டு நிறுத்துவதில்லை. ஆறையும் ஒரே அளவில் இறக்குகிறான். ஒவ்வொரு கம்பியின் உயரமும் மாறுகிறது. கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள உறவு மாறுவதில்லை. அதனால்தான் விரல்கள் பழைய மெட்டுகளிலேயே பழைய கார்டுகளைப் பிடிக்கின்றன. பாடலும் அதே பாடலாக இருக்கிறது. உயரம் மனிதர் செய்த ஏற்பாடு. உறவு இசையின் உண்மை. முன்னதைத் தாழ்த்தலாம், பின்னதைத் தாழ்த்தினால் அபசுரம். ஆசிரியர் கடினமான பாடத்தை எளிய சொல்லில் விளக்குவது சுருதி இறக்கம். விடை தவறென்று தெரிந்தும் சரியென்று மதிப்பெண் இடுவது உறவைக் குலைப்பது. இரண்டையும் இரக்கம் என்ற ஒரே சொல்லால் அழைப்பதில்தான் நாம் தடுமாறுகிறோம்.

தளர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. கம்பியின் அதிர்வு அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1636-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதை எழுதி வைத்தார். இந்தக் கணக்கின்படி அரைக்கட்டை இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொரு பங்கு குறையும். ஒரு முழுக்கட்டை இறக்கினால் இருபது பங்குக்கு மேல் குறையும். அதற்கும் கீழே போகப்போகக் கம்பி தொய்ந்து மெட்டுகளில் உரசி இரையும். அழுத்தி மீட்டினால் சுரம் பிசகும். இன்னும் கீழே இறங்கித் தெளிவாக ஒலிக்க வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு: கனமான கம்பியைப் பூட்ட வேண்டும், அல்லது நீளமான கருவியை எடுக்க வேண்டும்.

இந்த உண்மையை நாகசுரத்திலும் காணலாம். திமிரி குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) திமிரியை விட்டுப் பாரியைக் கைக்கொண்டு அதை நிலைநிறுத்தினார். தாழ்ந்த சுருதியை ஏற்றதால் அவர் சிறுத்துப் போகவில்லை. நாகசுரச் சக்கரவர்த்தி என்றே நாடு அவரை அழைத்தது.

கனமில்லாதவன் இறங்கினால் தொய்வு. கனமுள்ளவன் இறங்கினால் ஆழம். பணிவு என்பது இழுவையை முற்றாக விட்டுவிடுவதன்று. பிறருக்காகத் தாழ விரும்புகிறவன் முதலில் தன் உள்ளத்தின் கம்பியைத் தடிப்பாக்கிக்கொள்ள வேண்டும். கொள்கையில் மெலிந்தவன் எல்லாருக்கும் இணங்கிப்போவதை நாம் தாழ்மை என்று பாராட்டலாகாது. அங்கே கேட்பது இரைச்சல்தான்.

ஓர் எதிர்வாதத்தையும் நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்காக இறக்கிக்கொண்டே போனால், கீழ்ச் சுரங்கள் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் எட்டாமற் போகுமே? உண்மை. மேலே சிலர் விலக்கப்படுவதுபோலக் கீழேயும் சிலர் விலக்கப்படலாம். ஆகவே தாழ்த்துவது தன்னளவில் அறமன்று; கேட்பதே அறம். யாருடைய குரல் இங்கே ஒலிக்கவில்லை என்று செவிசாய்ப்பதும், அதற்கேற்பத் திருகாணியைத் தொடுவதுமே அறம். கித்தார் மட்டும் இறங்கி, கீபோர்டு பழைய சுருதியிலேயே நின்றாலும் பாடல் குலையும். ஒருவர் இறங்கும்போது மற்றவர்களும் கூடி இறங்க இசைய வேண்டும்.

திருச்சபைக்கு இது புதிய செய்தியன்று. 1963 டிசம்பர் 4-இல் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மக்கள் அனைவரும் வழிபாட்டில் முழுமையாகப் பங்கேற்பதையே முதன்மையாகக் கருதியது. 1967-இல் வந்த திரு இசை பற்றிய அறிவுரை, மக்களை அறவே ஒதுக்கிவிட்டுப் பாடல்கள் எல்லாவற்றையும் பாடற்குழுவின் கையில் கொடுக்கும் வழக்கத்தை விலக்கியது. இவற்றையெல்லாம் நான் படித்திருந்தேன்; பயிற்சி வகுப்புகளில் பிறருக்கு எடுத்துச் சொல்லியுமிருந்தேன். ஆயினும் ஒரு சனிக்கிழமை மாலை, மூடிய வாயொன்றைக் கண்ணால் கண்டும், கேட்டுக்கொண்டு இருக்கட்டும் என்றேன். அறிவு தலையில் இருந்தது. செவி என் சொந்தக் குரலின் மேல் இருந்தது. என் குரல் மேல் சுரத்தில் அழகாக ஒலிக்கும் என்பதே நான் தரம் என்று பெயரிட்டுக் காத்த பொருள்.

அன்பர்களே, இது பாடற்குழுக்களுக்கு மட்டுமான செய்தியன்று. வீட்டில் மகனுக்கு எட்டாத உயரத்தில் அறிவுரை சொல்லும் தந்தை, கூட்டத்தில் எளியவருக்கு விளங்காத மொழியில் பேசும் கற்றவர், ஊர்ப் பொதுக் காரியத்தில் ஏழைக்கு எட்டாத வரியைத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று விதிக்கும் பெரியவர்கள், எல்லாரும் ஏதோவொரு சுருதியைச் சேர்த்துவிட்டே பாடத் தொடங்குகிறோம். எட்டாதவர்கள் சண்டையிடுவதில்லை. புத்தகத்தை விரித்து, பக்கத்தைச் சரியாகப் புரட்டி, வாய்மூடி நிற்கிறார்கள். அந்த மௌனத்தை நாம் சம்மதம் என்று எண்ணிக்கொள்கிறோம்.

இப்போது ஒவ்வொரு பாடலையும் தொடங்குமுன் பின்வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்க்கிறேன். சில நாட்களில் அரைக்கட்டை இறக்கச் சொல்கிறேன். சிறுவர்கள் பாடும் நாட்களில் ஏற்றவும் சொல்கிறேன். நடுவில் நிற்கும் தானத்திற்கு நம் முன்னோர் சமன் என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்! அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் உதவாது. எனக்குப் பாடக் கற்றுக்கொடுத்தவர் நின்ற இடத்தைப் பார்த்துத்தான் நான் அதைத் தேடுகிறேன்.