பலகையில் ஒடுங்கும் ஒலி

வீட்டின் ஓர் அறையைப் பாட்டுப் பதிவுக்கென ஒதுக்கியவர், ரீப்பர் கட்டைகளால் நான்கடிக்கு இரண்டடிச் சட்டம் அடித்து, அதற்குள் ராக்வூல், அதாவது கல்லை உருக்கி நாராக்கிய பாறைக் கம்பளியை நிரப்பி, மேலே காடாத் துணியை இழுத்துக் கட்டி ஒலியுறிஞ்சும் பலகை செய்யும்போது, இந்தியத் தத்துவ மரபில் நெடுங்காலம் வாதிடப்பட்ட கேள்வியொன்று அவர் கைவேலையிலேயே எழுகிறது: கேளாமற்போன ஒலி அழிந்ததா, மறைந்ததா?

ஒலி காற்றின் அசைவாதலால், நார்களுக்கிடையே உராய்ந்து வெப்பமாக மாறுகிறது. துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபுறம் வரவேண்டும்; வராத துணி மேல்சுருதி ஒலிகளை உள்ளே விடாமல் திருப்பிவிடும். நொடிக்கு 100 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர்; காற்றின் அசைவு சுவரை ஒட்டி அடங்கியும், அலைநீளத்தின் கால்பங்குத் தொலைவில், அதாவது 85 சென்டிமீட்டர் தள்ளி, மிகுந்தும் இருப்பதால், கனத்த பலகையையும் சுவரிலிருந்து சற்று விலக்கியே மாட்டுகின்றனர்.

அந்தக் கேள்விக்கு விடையாக, நியாய, வைசேஷிக மரபினர் ஒலியை ஆகாயத்தின் குணம் என்றும், ஒவ்வோர் ஒலியும் அடுத்ததைப் பிறப்பித்துத் தான் அழிகிறது என்றும் கொண்டனர். வேதம் என்றுமுள்ளது என நிலைநாட்ட முற்பட்ட மீமாம்சகரோ, எழுத்தொலி அழிவற்றது, எங்கும் நிறைந்தது, வாயிலிருந்து எழும் காற்றசைவாகிய த்வனி அதை வெளிப்படுத்துவதோடு சரி என்றனர். நாரில் புகுந்தது திரும்பாமையால், பலகை நியாயத்துக்கே சாட்சி சொல்வதாகத் தோன்றும்.

அச்சாட்சியம் போதாது. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக்கூடத்தில் பேச்சு குழம்பிக் கேட்டதை ஆராயத் தொடங்கிய வாலஸ் கிளெமென்ட் சபீன், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழலின் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். ஒலி உறிஞ்சலுக்கு அவர் பின்னர் கொண்ட அலகு, திறந்த சன்னல். மெத்தையில் ஒடுங்கிய ஒலியும் சன்னல் வழியே வெளியேறிய ஒலியும் அறைக்குள் இருப்பவருக்கு ஒன்றே என்பதால், கேளாமையைக் கொண்டு மட்டும் அழிவை நிறுவ முடியாது. மீமாம்சகர் வற்புறுத்தியதும் இதைத்தான்.

ஆயினும் இயற்பியல் மீமாம்சையை மெய்ப்பித்துவிட்டது என்பது அவசர முடிவு. ஆற்றல் வெப்பமாக எஞ்சுகிறது, ஆனால் அவ்வெப்பத்தில் ககரமும் மகரமும் வேறுபடுவதில்லை. மீமாம்சகர் நிலைத்தது என்றது எழுத்தின் வடிவை, கழிவது என்றது அதைச் சுமக்கும் அசைவை; பலகையிலோ சுமந்தது வேறு உருவில் எஞ்ச, வடிவே கலைகிறது. ஆகவே அவர்களின் உண்மையான வலிமை, ஒலி எங்கோ நிலைத்திருக்கிறது என்பதில் இல்லை. மீண்டும் ஒலிக்கும்போது அதே ககரம் என்று கேட்பவர் ஐயமின்றி இனங்காணும் மறு அறிதலில்தான் இருக்கிறது. நியாயம் இதனை ஒரே இனத்தின் வெவ்வேறு ஒலிகள் என விளக்கும். பாடகர் ஓரடியைத் திரும்பத் திரும்பப் பாட, பதிவாளர் அவற்றுள் ஒன்றைத் தேர்கையில், அடி ஒன்றே என்பதையும் பாடியவை வேறுவேறு என்பதையும் சேர்த்தே ஏற்கிறார். சுவரின் எதிரொலி கலவாத அறையில் அவ்விரண்டும் ஐயமறக் கேட்கின்றன.