நடத்தாத பாடமும் களவே

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை என்றது 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டு மாநிலக் கல்விக் கொள்கை. பிள்ளைகளின் சுமை குறைந்ததெனப் பலரும் மகிழ்ந்தனர். யாருடைய சுமை குறைந்தது என்று கேட்டவர்கள் குறைவு. 2018 மார்ச்சில் அந்தத் தேர்வு முதன்முதலாக நடந்ததற்குக் காரணம் இருந்தது. தனியார் பள்ளிகள் பல, பிளஸ் ஒன் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டும் உருப்போட வைத்தன. 'பிராய்லர் பள்ளி' என்று மக்களே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் களவுக்குப் போட்டிருந்த பூட்டுதான் இப்போது கழற்றப்பட்டிருக்கிறது. இது ஏழைப் பிள்ளைக்கு இழைத்த அநீதி.

பொறியியல் நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தபின், பிளஸ் டூவின் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களே 200க்கான கட்-ஆஃப் ஆயின. ஆகவே பள்ளியின் கணக்கில் பிளஸ் ஒன் ஆண்டுக்கு மதிப்பே இல்லை. கல்லூரியில் கதை வேறு. முதல் பருவக் கணிதம் பிளஸ் ஒன் பாடத்தின் மேல்தான் நிற்கிறது. நீட் தேர்விலும் ஏறத்தாழப் பாதி அங்கிருந்தே வருகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு விடுபட்டதைக் கோச்சிங் சென்டர் ஊட்டிவிடும். கூலிவேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு போக்கிடம் ஏது? ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவத்தில் 2020இலும் பொறியியலில் 2021இலும் கிடைத்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கல்லூரிக் கதவைத் திறந்தது. உள்ளே போனவன் தடுமாறாமல் நடக்க வேண்டிய வலிமையைப் பள்ளிதான் தந்தாக வேண்டும். குறையறக் கற்கச் சொன்ன வள்ளுவர், நடுநிலை தவறி வரும் ஆக்கம் நன்மையே தந்தாலும் அன்றே கைவிடச் சொன்னார். சதமடித்த தேர்ச்சி விளம்பரங்களுக்கும் அது பொருந்தும். பேணியவரை விட்டுப் பிறருக்குப் பயன் தரும் ஆசிரியரை முடத்தெங்கு, அதாவது வளைந்த தென்னை என்றது நன்னூல். கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவது பெற்றோர். காய் விழுவதோ பள்ளியின் முற்றத்தில். பிறப்பால் கீழென்று தள்ளப்பட்டவன் கற்றால் மேலோனும் அவனிடம் பணிவான் என்று பாண்டியன் நெடுஞ்செழியன் புறநானூற்றில் பாடினான். ஓராண்டுப் பாடத்தைப் பறிப்பவர்கள் அந்த வாய்ப்பையே பறிக்கிறார்கள்.

தொடர்ந்து மூன்று ஆண்டு பொதுத்தேர்வு எழுதுவது மன அழுத்தம் தருமென்பது உண்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் பிளஸ் ஒன்னில் தோற்றவரும் பிளஸ் டூ படித்துக்கொண்டே அரியர் எழுத முடிந்தது. அழுத்தத்தைக் குறைக்க வினாத்தாளை எளிதாக்கலாம், பாடச்சுமையைக் குறைக்கலாம். பாடம் நடந்ததா என்று கேட்பதையே நிறுத்தலாமா? அதிகாரிகள் ஆய்வு செய்வார்கள் என்பது அடுத்த சமாதானம். அதிகாரி வரும் நாளில் மேசைமேல் பிளஸ் ஒன் புத்தகத்தை வைக்கத் தெரியாத பள்ளி உண்டா என்ன! தேர்ச்சி விகிதத்தை விரட்டும் அரசுப் பள்ளியையும் இந்த ஆசை விடாது. தேர்வு பயன் தரவில்லை என்போர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். பிளஸ் ஒன் மதிப்பெண் கல்லூரிச் சேர்க்கைக்குச் சேராது என்று அறிமுகமான 2018லேயே அறிவித்து, அதன் பல்லைப் பிடுங்கியது அரசுதான்.

தேர்வை மீண்டும் கொண்டுவர வேண்டும். கட்-ஆஃப் கணக்கில் பிளஸ் ஒன் மதிப்பெண்ணுக்குச் சரிபாதி இடம் தர வேண்டும்.