சமம் என்ற தீர்ப்பு

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்புத் திண்ணையில் மாலைக் காற்று நன்றாக வரும். சென்ற மாதம் ஒரு நாள், பேரன் அங்கே சதுரங்கப் பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி உட்கார்ந்திருந்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டியில் கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டு வந்திருந்தான். பலகையில் இரண்டு ராஜாக்கள், ஆளுக்கொரு யானை. எதிரிக்கு மட்டும் ஒரு காலாள் அதிகம். அந்த நிலையைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், 'சைபர்' என்று காட்டுகிறது. அதாவது, யாருக்கும் வெற்றியில்லை, சமம்.

"கையிலிருந்த டிராவைக் கெடுத்துக்கொண்டாயே, அப்பு!" என்றேன்.

அவன் நிமிர்ந்தான். "மிஷின் டிரான்னு சொல்லிட்டுப் போயிடும், ஐயா. அதை ஆட வேண்டியது நாந்தானே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

யானையை வைத்துக் காக்கிற வித்தையைப் பிலிடோர் என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்துவிட்டார். எதிரியின் காலாள் முன்னேறும் வரையில் நம் யானை குறுக்கு வரிசையில் காவல் நிற்க வேண்டும். முன்னேறிய பிறகு பலகையின் மறுகோடிக்கு ஓடி, பின்னாலிருந்து ராஜாவுக்கு 'செக்' சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் ஓட வேண்டிய வேளையைத் தவறவிட்டால் தோல்விதான். மிஷினுக்குக் களைப்பு இல்லை, கடிகாரத்தைப் பார்த்துப் பயமும் இல்லை. பையனுக்கு இரண்டும் உண்டு.

பையனை விடுங்கள். 2013 நவம்பரில் சென்னையில் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. விசுவநாதன் ஆனந்த், நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனிடம் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை அடுத்தடுத்துத் தோற்றார். இரண்டுமே யானைகள் மிஞ்சிய ஆட்டங்கள். இரண்டிலும் டிராவுக்கு வழி இருந்தது. ஆறாவது ஆட்டத்தில் 60ஆவது நகர்த்தலில் யானையை வைத்த இடம் ஒன்றுதான் தவறு. கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பார்த்தவர்களெல்லாம் அக்கணமே கண்டுகொண்டார்கள். ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவருக்கு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அது தெரியவில்லை.

வழி இருக்கிறது என்பது ஓர் உண்மை. நடக்கிறவன் கண்ணுக்கு அது தெரிகிறது என்பது வேறோர் உண்மை. முதலாவதை மட்டும் அறிந்தவன், இரண்டாவதற்காக ஒருவனைக் குற்றம் சொல்லலாமா?

அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. மறு வருஷம், 2014இல், ரஷ்யாவின் சோச்சி நகரில், அதே கார்ல்சனோடு ஏழாவது ஆட்டம். எதிரிக்கு ஒரு குதிரை அதிகம். ஆனந்த் அசரவில்லை; 122 நகர்த்தல்கள் தாக்குப்பிடித்து டிரா செய்தார். அங்கேயும் வழி இருந்தது. ஆனால் அதை ஒவ்வோர் அடியாக அவர்தான் நடக்க வேண்டியிருந்தது. ஆகவே போராட வேண்டியது நம் கடமைதான். ஆனால் அது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். தோற்று வந்தவன் முகத்தில் எறிகிற சொல் அல்ல.

இதை எழுதும்போது அத்தானின் நினைவு வருகிறது. மதுரையில் இரும்புக் கடை வைத்திருந்தார். பாதி விலைக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பினார். ஐந்தொகையை நானே பார்த்தேன். வரவும் பற்றும் ஏறக்குறையச் சரியாகத்தான் இருந்தன. "ஆறு மாதம் பொறுத்திருந்தால் கடை நிமிர்ந்திருக்கும்" என்று ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேர் நடுவில் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இலையில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போனார். தினமும் காலையில் கடைப்படியில் யார் யார் வந்து நின்றார்கள், அவர் எத்தனை இரவு தூங்கவில்லை என்பதெல்லாம் ஐந்தொகையில் எழுதியிருக்கவில்லை. பின்னால் அக்காள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது அத்தான் இல்லை.

பேரனிடம், "காய்களை மறுபடியும் அதேபோல் அடுக்கு" என்றேன். அவன் தோற்ற பக்கத்தில், கம்ப்யூட்டர் சமம் என்று சொன்ன பக்கத்தில், நான் உட்கார்ந்தேன்.

11ஆவது நகர்த்தலில் தோற்றேன். பேரன் ஒன்றும் சொல்லவில்லை.